வாடகை வீடு: சாவி யார் கையில்?

வீடு ஓர் ஊரில், வீட்டுக்காரர் வேறோர் ஊரில். நடுவில் நிற்கும் ஏஜெண்ட் வரமா, வம்பா என்பது அவரிடம் எதை ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

புனேயில் ஃப்ளாட், கொல்கத்தாவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடிக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிவிட்டது என்கிறார் குடித்தனக்காரர். பிளம்பரைத் தேட வேண்டும், கீழ் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டும், சொசைட்டி செயலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து செய்ய வேண்டும். இப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவருக்கு, 'இனி எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வந்து நிற்பவர் ஆபத்பாந்தவனாகத்தான் தெரிவார்.

அந்த ஆபத்பாந்தவனுக்கு இன்று புரோக்கர், ஏஜெண்ட், பிராப்பர்ட்டி மேனேஜர் என்று பல பெயர்கள். ஆள் பிடித்துத் தருவதோடு நிற்காமல், வாடகை வசூலித்து, ரிப்பேர் பார்த்து, வீட்டைக் காலி செய்து வாங்கித் தருவது வரை பொறுப்பேற்கிறார்கள். பெங்களூர், மும்பை, ஹைதராபாத், குருகிராம் என்று வேலைக்காக மக்கள் குவியும் நகரங்களில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இவர்களை நம்பி வீட்டை விடலாமா? விடலாம். ஆனால் சில வேலைகளை மட்டும். பணம், கையெழுத்து, அட்வான்ஸ் ஆகிய மூன்றும் வீட்டுக்காரர் கையை விட்டுப் போனால், வீடு பெயரளவில்தான் அவருடையது.

பூட்டிக் கிடந்த வீடுகள்

இந்தியாவில் வாடகைக்கு விடுவது நெடுங்காலமாகப் பயந்து பயந்து செய்யும் காரியமாகவே இருந்துவந்தது. பம்பாய் வாடகைச் சட்டம் 1947ஆம் ஆண்டு வந்தது. தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958ஆம் ஆண்டு. வீட்டுப் பஞ்சத்தில் குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த இந்தச் சட்டங்களால் வாடகை உறைந்துபோனது. காலி செய்ய வைப்பது தலைமுறைக் கணக்கில் நடக்கும் வழக்கானது. விளைவு, வீட்டை வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று பலர் முடிவு கட்டினார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1961இல் நகர வீடுகளில் 54 சதவீதம் வாடகை வீடுகள். 2011இல் அது 28 சதவீதமாகச் சுருங்கிவிட்டது என்கிறது மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை.

பின்னர் சட்டம் தளர்ந்தது. தில்லியில் மாத வாடகை ரூ. 3,500ஐத் தாண்டினால் பழைய கட்டுப்பாடு பொருந்தாது என்று 1988இல் திருத்தம் வந்தது. மகாராஷ்டிரத்தில் 2000ஆம் ஆண்டு அமலுக்கு வந்த சட்டம், 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரு மடங்குத் தொகை கேட்க வழி செய்தது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பயம் கொஞ்சம் விலகியது. அதே காலத்தில்தான் சம்பளக்காரர்கள் வங்கிக் கடனில் ஓர் ஊரில் ஃப்ளாட் வாங்கிவிட்டு, வேலை மாறி இன்னோர் ஊருக்குப் போவதும் பெருகியது. வீட்டுக்காரர் மாடியில், குடித்தனக்காரர் கீழே என்ற பழைய ஏற்பாடு போய், இருவரும் முகம் பார்க்காமலே ஒப்பந்தம் போடும் காலம் வந்தது. அந்த இடைவெளியில் ஏஜெண்ட் நுழைந்தார்.

மூன்று வகை

எல்லா ஏஜெண்ட்டும் ஒரே ரகமல்ல. முதல் வகை பழைய புரோக்கர். ஆள் பிடித்துத் தருவார்; ஒப்பந்தம் கையெழுத்தானதும் அரை மாத அல்லது ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு விலகிவிடுவார். பல ஊர்களில் இரு தரப்பிலும் வாங்குவார். இரண்டாம் வகை, வீட்டைத் தொடர்ந்து நிர்வகிப்பவர். மாத வாடகையில் ஒரு பங்கு அவருடைய கூலி. வாடகை வசூல், ரிப்பேர், மெயின்டனன்ஸ் பாக்கி, மின் கட்டணம், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பது எல்லாம் அவர் வேலை.

மூன்றாம் வகைதான் புதிது. வீட்டை நிறுவனமே எடுத்துக்கொள்ளும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். வீட்டை அறை அறையாகப் பிரித்தோ முழுதாகவோ வேறு ஆட்களுக்கு விடும். கேட்கச் சுகமான ஏற்பாடு. ஆனால் இது லேசான வியாபாரமல்ல. காலி மாதங்களின் நஷ்டத்தை நிறுவனமே தாங்க வேண்டும். 2015இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு, முதலீட்டாளர்களிடம் பெரும் தொகை திரட்டிய வீட்டு வாடகை நிறுவனமான நெஸ்ட்அவே, 2023இல் சுமார் ரூ. 90 கோடிக்கு இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. வியாபாரத்தில் இது சகஜம். வீட்டைக் கொடுத்தவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: நிர்வாகம் மாறினால் தன் ஒப்பந்தம் என்னவாகும் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருக்கிறாரா?

கணக்கு என்ன சொல்கிறது?

மாத வாடகை ரூ. 25,000 வரும் ஒரு ஃப்ளாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை ரூ. 3 லட்சம். ஆள் பிடித்துத் தர ஒரு மாத வாடகை, நிர்வாகத்துக்கு மாதம் 8 சதவீதம் என்று பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கமிஷன் ரூ. 25,000, நிர்வாகக் கூலி ரூ. 24,000. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனம் என்றால் இதன்மேல் 18 சதவீத வரி ரூ. 8,820. மொத்தம் ரூ. 57,820. அதாவது வாடகையில் 19 சதவீதத்துக்கும் மேல்.

அதே குடித்தனக்காரர் மூன்று ஆண்டு நிலைத்திருந்து, ஆள் பிடித்த கமிஷன் ஒரே ஒரு முறைதான் என்றால் கணக்கு மாறுகிறது. மூன்று ஆண்டு வாடகை ரூ. 9 லட்சத்தில் வரியோடு சேர்த்துச் செலவு ரூ. 1,14,460, ஏறக்குறைய 12.7 சதவீதம். ஆக, ஏஜெண்ட்டின் கூலி எத்தனை சதவீதம் என்பதைவிட, குடித்தனக்காரர் எத்தனை ஆண்டு இருக்கிறார் என்பதுதான் வீட்டுக்காரரின் லாபத்தை முடிவு செய்கிறது.

வருமான வரியிலும் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்துவிட்டு, மீதியில் 30 சதவீதத்தை ரிப்பேர், வசூல் போன்ற செலவுகளுக்காகச் சட்டம் தானாகவே கழித்துக் கொடுக்கிறது. உண்மையில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதவருக்கும் அதே 30 சதவீதம்தான், ஏஜெண்ட்டுக்கு ரூ. 57,820 கொடுத்தவருக்கும் அதே 30 சதவீதம்தான். ஏஜெண்ட் கூலியைத் தனியாகக் காட்டி வரி குறைக்க முடியாது. வீட்டுக் கடன் வட்டிக்குத்தான் தனிக் கழிவு உண்டு. 'கமிஷனை வரியில் கழித்துக்கொள்ளலாம் சார்' என்று சொல்லும் ஏஜெண்ட்டுக்கு ஒன்று சட்டம் தெரியவில்லை, அல்லது வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அதற்காக ஏஜெண்ட் தண்டச் செலவு என்றும் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன கணக்கில் நிர்வாகக் கூலி மட்டும் வரியோடு ஆண்டுக்கு ரூ. 28,320. இது ஒரு மாத வாடகையைவிடச் சற்றே அதிகம். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே ரூ. 25,000 போய்விடுகிறது; மெயின்டனன்ஸ் தொகையையும் கைக்காசில் கட்ட வேண்டும். வீடு காட்ட, ரிப்பேர் பார்க்க என்று வெளியூரிலிருந்து ஒரு முறை வந்து போனால் லீவும் ரயில் செலவும் தனி. ஆண்டுக்கு ஒரு காலி மாதத்தையும் ஒரு பயணத்தையும் மிச்சப்படுத்தும் ஏஜெண்ட் தன் கூலியைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறார். அதே ஊரில், நாலு தெரு தள்ளி வசிக்கும் வீட்டுக்காரருக்கு மிச்சப்படுத்த ஏதுமில்லை. அவருக்கு ஆள் பிடித்துத் தரும் புரோக்கர் போதும்.

யாருடைய ஆள்?

ஏஜெண்ட் வீட்டுக்காரரிடம் கூலி வாங்குகிறார். ஆனால் எப்போதும் வீட்டுக்காரரின் நன்மையே அவருடைய நன்மையாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் ஒரு மாத வாடகை கிடைக்கும் என்றால், ஆள் மாறுவதில் அவருக்கு வருத்தம் இருக்காது. 11 மாத ஒப்பந்தம் முடியும் சமயத்தில் 'மார்க்கெட் ஏறிவிட்டது, வாடகையை ஐயாயிரம் ஏற்றுங்கள், இவர் போனால் வேறு ஆள் ரெடி' என்று அவர் சொல்லும் யோசனையில் எந்த அளவு மார்க்கெட், எந்த அளவு கமிஷன் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ரிப்பேரிலும் இதே கதை. பிளம்பருக்கு 1,200 ரூபாய், பில் 2,000 ரூபாய் என்பது ஊரறிந்த ரகசியம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகவே பேசுகிறது: ஏஜெண்ட் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும், வசூலித்த தொகையைச் சேர்ப்பிக்க வேண்டும், வேலை கொடுத்தவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தனக்கென லாபம் பார்த்தால், அந்த லாபத்தை அவர் திரும்பக் கேட்கலாம். ஆனால் ரூ. 800க்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? எனவே சட்டத்தைவிடக் கூலியை வகுக்கும் விதம்தான் கைகொடுக்கும். அதே குடித்தனக்காரர் தொடர்ந்தால் கமிஷன் இல்லை, அல்லது சிறு தொகை மட்டும், ரூ. 2,000க்கு மேற்பட்ட ரிப்பேருக்கு முன் அனுமதி. கடைக்காரர் பில்லும் படமும் வந்தால்தான் பணம். இந்த மூன்று நிபந்தனைகளுக்குச் சம்மதிக்காதவரிடம் சாவியைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு விற்கும் ஏஜெண்ட்டுகளுக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயமானது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது விற்பனை, வாங்குதலைப் பற்றி. வாடகைக்கு ஆள் பிடிப்பவரை அது தொடுவதில்லை. 'ரெரா பதிவு பெற்ற நிறுவனம்' என்று விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாடகை விஷயத்திலும் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொள்வது தவறு.

வாடகை நிர்வாகிக்குத் தெளிவான வரையறை கொடுப்பது, 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம். ரசீது கொடுத்து வாடகை வசூலிப்பது, வீட்டுக்காரர் சார்பில் அவசிய ரிப்பேர்களைச் செய்வது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, குடித்தனக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது, தகராறு தீர்க்க உதவுவது ஆகியவற்றை நிர்வாகியின் கடமைகளாக அது பட்டியலிடுகிறது. மற்ற எதையும் வீட்டுக்காரர் சொன்னால்தான் செய்ய வேண்டும். மீறினால் வீட்டுக்காரரோ குடித்தனக்காரரோ வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். நிர்வாகியை நீக்கவும், நஷ்டத்துக்கு ஈடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்குள் வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் கூடாது. குடியிருப்பு வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது.

சிக்கல் என்னவென்றால், இது மாதிரிச் சட்டம் மட்டுமே. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் உயிர் பெறும். உத்தரப் பிரதேசமும் அசாமும் 2021இல் அந்த வழியில் புதிய சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸை அனுமதிக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் வழக்கத்துக்குப் பெயர்போன ஊர் பெங்களூர். எனவே வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் பேசும். வீட்டுக்காரர் வசிக்கும் ஊர்ச் சட்டமல்ல. ஏஜெண்ட்டுக்கு உள்ளூர்ச் சட்டம் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கைமாற்ற முடியாத பொறுப்புகள்

வேலையை ஏஜெண்ட்டிடம் தள்ளலாம். பொறுப்பைத் தள்ள முடியாது. மகாராஷ்டிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், பதிவு பெற்ற எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது நிபந்தனைகளைப் பற்றிக் குடித்தனக்காரர் சொல்வதே, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, செல்லும். 'ஏஜெண்ட் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாரே' என்பது அங்கே பதிலாகாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கப் பிறந்ததுதான் 11 மாத ஒப்பந்தம். மகாராஷ்டிரத்தில் அந்தத் தந்திரம் பலிக்காது.

போலீஸ் விவரப் பதிவும் அப்படித்தான். தில்லி, மும்பை போன்ற நகரங்களில் குடித்தனக்காரரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று அவ்வப்போது உத்தரவு போடப்படுகிறது. உத்தரவை மீறினால் வழக்கு பதிவாவது வீட்டுக்காரர் மீது. ஏஜெண்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வீட்டுக்காரர் கைக்கு வந்துசேர வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உள்நாட்டு வீட்டுக்காரருக்கு மாதம் ரூ. 50,000க்கு மேல் வாடகை கொடுக்கும் தனிநபர் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். 2024 அக்டோபருக்கு முன்பு இது 5 சதவீதமாக இருந்தது. வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த ரூ. 50,000 வரம்பு பொருந்தாது. பிடிக்க வேண்டியது 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். குடித்தனக்காரர் ஏஜெண்ட்டை மட்டுமே பார்த்திருந்தால் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. பின்னால் நோட்டீஸ் வருவது அந்தக் குடித்தனக்காரருக்கு.

ஒரு வீடு, இரண்டு ஒப்பந்தம்

ஏஜெண்ட்டிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து, சென்னையிலும் பெங்களூரிலும் போலீஸ் வரை போன ஒரு மோசடி. அதன் சூத்திரம் எளிமையானது. நடுவில் உள்ளவர் வீட்டுக்காரரிடம் மாதம் ரூ. 20,000 தருவதாக ஒப்பந்தம் போடுகிறார். குடிவருபவரிடம் வேறு பேச்சு: மாத வாடகையே வேண்டாம், மொத்தமாக ரூ. 10 லட்சம் கொடுங்கள், காலி செய்யும்போது முழுதாகத் திருப்பித் தருகிறோம். பெங்களூரிலும் சென்னையிலும் இதை லீஸ் என்பார்கள். தென் மாவட்டங்களில் ஒத்தி. பழகிய ஏற்பாடு என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அந்த ரூ. 10 லட்சத்திலிருந்தே 50 மாதங்களுக்கு வாடகை கொடுத்துவிடலாம். மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் கணக்கில் பணம் விழுகிறது. அவர் நிம்மதியாக இருக்கிறார். வாடகை கட்டாமலே வாழ்வதால் குடியிருப்பவரும் நிம்மதியாக இருக்கிறார். நடுவில் உள்ளவர் மீதிப் பணத்தை அடுத்த வீட்டுக்கும் அடுத்த வியாபாரத்துக்கும் சுழற்றுகிறார். சுழற்சி நிற்கும் நாளில் வாடகை நிற்கிறது, ஆபீஸ் பூட்டப்படுகிறது. வீட்டுக்காரர் முதன்முறையாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து, 'யார் நீங்கள்?' என்று கேட்கிறார். உள்ளே இருப்பவரும் அதையே கேட்கிறார். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் அது கைக்கு வராமல் வெளியேற மாட்டார். ஒரு பைசா வாங்காத வீட்டுக்காரர் ரூ. 10 லட்சம் கொடுக்க முடியாது. ஏமாந்த இருவர் ஒருவரை எதிர்த்து ஒருவர் வழக்காட, ஏமாற்றியவர் காணாமல் போயிருப்பார்.

இதைத் தடுக்கப் பெரிய சட்ட அறிவு வேண்டியதில்லை. குடிவருபவரிடம் வீட்டுக்காரர் ஒரு முறை நேரிலோ போனிலோ பேசி, 'நீங்கள் யாருக்கு, எவ்வளவு கொடுக்கிறீர்கள்?' என்று கேட்டால் போதும். ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே நேரடியாக இருந்தால், இந்த மோசடிக்கு இடமே இல்லை. வாடகையும் அட்வான்ஸும் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். அதிலிருந்து ஏஜெண்ட் கூலியை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். வாடகையை ஏஜெண்ட் வாங்கிப் பிடித்தம் போக அனுப்பும் முறை, ஏஜெண்ட்டுக்குத்தான் சௌகரியம். ஏஜெண்ட்டுக்கு வசூல் அதிகாரம் கொடுத்துவிட்டால், அவரிடம் கொடுத்த பணம் வீட்டுக்காரரிடம் கொடுத்ததாகவே சட்டம் கருதும் என்பதையும் மறக்கக் கூடாது.

பவர் பத்திரத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 'எதற்கும் ஒரு ஜெனரல் பவர் கொடுத்துவிடுங்கள்' என்பது சில ஏஜெண்ட்டுகளின் வழக்கமான வேண்டுகோள். ஜெனரல் பவரை வைத்துச் செய்யும் விற்பனை சொத்துரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் விற்கவும் அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர், உரிமையாளர் சார்பில் முறையான கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போட முடியும். வாடகைக்கு விடவும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் மட்டும், இந்த முகவரி, இந்தக் காலம் வரை என்று வரையறுத்த ஸ்பெஷல் பவர் போதும்.

கதவுக்கு அந்தப் பக்கம்

ஏஜெண்ட் வந்ததால் குடித்தனக்காரருக்கும் சில நன்மைகள் உண்டு. குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். வீட்டுக்காரர் வேண்டும்போதெல்லாம் கதவைத் தட்டும் தொந்தரவு இல்லை. ஆனால் காலி செய்யும்போது பெயிண்டிங், கிளீனிங் என்று அட்வான்ஸில் கை வைப்பதும், 'ஓனர் சம்மதிக்கவில்லை' என்று முகம் தெரியாதவர்மேல் பழி போடுவதும் நடக்கிறது. வீட்டுக்காரருக்கு இதெல்லாம் எட்டுவதே இல்லை. நல்ல குடித்தனக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, ஏன் போனார் என்று கேட்க ஆளிருக்காது.

வாடகை பாக்கி வைத்தவரைக் 'கவனித்துக்கொள்கிறோம்' என்று ஏஜெண்ட் சொன்னால் வீட்டுக்காரர் உஷாராக வேண்டும். ஆள் வைத்து மிரட்டி, பூட்டை மாற்றி வெளியேற்றினால், சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் குடியேற 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் வழி செய்கிறது. அந்த வழக்கில் வீட்டின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியே எழாது. கிரிமினல் புகார் தனி. குண்டர்கள் ஏஜெண்ட்டின் ஆட்கள் என்றாலும், போலீஸ் முதலில் தேடுவது வீட்டுக்காரரின் முகவரியை.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

ஒரே ஊரில் ஒரே வீடு, ஓய்வு நேரமும் இருக்கிறது என்றால் நிர்வாகி தேவையில்லை. வெளியூரில் ஒரு வீடு, அங்கே நம்பகமான உறவினர் இருக்கிறார் என்றால் அவரே போதும் என்றுதான் நம் குடும்பங்கள் நினைக்கின்றன. ஆனால் மைத்துனரைச் சம்பளமில்லாத மேனேஜராக்குவதில் ஒரு சங்கடம் உண்டு: கணக்குக் கேட்க முடியாது, வேலை சரியில்லை என்று நிறுத்தவும் முடியாது. உறவினரைக் கண்காணிக்கச் சொல்லிவிட்டு, வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்வது இருவருக்கும் நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள், இரண்டு மூன்று வீடு வைத்திருப்பவர்கள், அலைய முடியாத முதியவர்கள் ஆகியோருக்கு மாதக் கூலி கொடுப்பது வீண் செலவல்ல.

அப்படி ஒருவரை அமர்த்துவதானால், வாய்ப்பேச்சில் விடாமல் ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டும். கூலி எவ்வளவு, எதற்கெல்லாம். தாமாகச் செய்யக்கூடிய ரிப்பேரின் உச்சவரம்பு. மாதம் ஒரு கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டின் படங்கள். உள்வாடகைக்கோ லீஸுக்கோ விட அதிகாரம் இல்லை என்று ஒரு வரி. 30 நாள் நோட்டீஸில் இரு தரப்பும் விலகிக்கொள்ளும் உரிமை. விலகும்போது சாவியையும் ஆவணங்களையும் ஒப்படைக்க ஒரு தேதி. குடித்தனக்காரரின் போன் எண் வீட்டுக்காரரிடமும், வீட்டுக்காரரின் எண் குடித்தனக்காரரிடமும் இருக்க வேண்டும். இதைத் தர மறுக்கும் ஏஜெண்ட் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானோருக்கு அந்த ஃப்ளாட் என்பது இருபது ஆண்டு தவணை. அதை இன்னொருவர் கவனித்துக்கொள்ளலாம். இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது. அலைச்சலைக் கூலிக்கு விடுவதில் தவறில்லை. பணம் வரும் கணக்கும், ஒப்பந்தத்தில் விழும் கையெழுத்தும், உள்ளே யார் இருக்கிறார் என்ற விவரமும் வீட்டுக்காரரிடமே இருக்கும்வரை, ஏஜெண்ட் நல்ல வேலைக்காரர். அவை கைமாறிய அன்றைக்கு, வாடகை வாங்குவது வேண்டுமானால் வீட்டுக்காரராக இருக்கலாம். வீட்டை ஆள்வது அவரல்ல.